பார்படோஸிலிருந்து வந்த இரண்டு பெண்கள்

குற்றமில்லாதவளைச் சுட்ட நம்மிடம் இரண்டு சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று நிரபராதி. வடமொழியிலிருந்து வந்து நீதிமன்றத்தில் குடியேறிய சொல். விசாரணை முடிந்து தீர்ப்பு வந்த பிறகுதான் ஒருவர் பேரோடு ஒட்டும். இன்னொன்று அப்பாவி. அதற்கு விசாரணை தேவையில்லை, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். 'பாவம், அவ அப்பாவி' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது, அவள் எதுவும் செய்யவில்லை என்பதோடு அவளுக்கு எதுவும் தெரியாது என்பதும் சேர்ந்தே ஒலிக்கிறது. அப்பாவி என்ற பேர் யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது? நிரபராதி என்று எழுதி வாங்க யார் காலமெல்லாம் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது? பெண்களின் வரலாற்றைப் படிக்கிற எவருக்கும் இது சின்னக் கேள்வி இல்லை.

இந்தக் கேள்வியோடு, இளையோருக்காக எழுதப்பட்ட இரண்டு அமெரிக்க நாவல்களை அருகருகே வைத்துப் படித்தேன். ஒன்று எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் எழுதிய 'த விட்ச் ஆஃப் பிளாக்பேர்ட் பாண்ட்'. 1958இல் வந்தது, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது, அமெரிக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுகிறது. மற்றொன்று ஆன் பெட்ரி எழுதிய 'டிடூபா ஆஃப் சேலம் வில்லேஜ்', 1964. பதினேழாம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கதைதான் இரண்டும். இரண்டு பெண்களும் பார்படோஸ் தீவிலிருந்து கப்பலில் வருகிறவர்கள்.

எழுதியவர்களுக்கிடையிலும் ஒற்றுமை உண்டு. இருவரும் 1908இல் பிறந்தவர்கள். இருவரும் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரே ஆற்றங்கரையின் இரண்டு ஊர்களில் வாழ்ந்தவர்கள். ஸ்பியர் மேலே வெதர்ஸ்ஃபீல்டில்; பெட்ரி ஆறு கடலில் சேருமிடத்திலுள்ள ஓல்ட் சேப்ரூக்கில். அந்தச் சிற்றூரில் மருந்துக்கடை நடத்திய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் பெட்ரி. தானும் மருந்தாளராகப் படித்துக் குடும்பக் கடையில் வேலை பார்த்தவர். ஸ்பியரின் நாவலில் கதாநாயகி கிட் டைலர் 1687 ஏப்ரலில் முதன்முதலாகக் கால்வைக்கும் அமெரிக்க மண் இதே சேப்ரூக் துறைமுகம்தான். இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் படித்த பிறகு என்னால் அந்தத் துறைமுகத்தைக் கிட்டின் கண்ணால் மட்டும் பார்க்க முடியவில்லை.

(ஒரு குறிப்பு. பெட்ரியின் நாவலில் வருகிறவளை அவள் என்றும், நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிற உண்மையான டிடூபாவை அவர் என்றும் எழுதுகிறேன். இருவரையும் குழப்பிக்கொள்ளாதிருக்க வேறு நல்ல வழி தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பது: இந்தச் சேலம் நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது. அன்றைய சேலம் வில்லேஜ் இன்று டான்வர்ஸ் என்ற பேரில் இருக்கிறது.)

கிட்டுக்குப் பதினாறு வயது. கரும்புத் தோட்ட முதலாளியான தாத்தாவின் வீட்டில், படித்து, நீந்தி, பட்டுடுத்தி வளர்ந்தவள். தாத்தா இறந்தபின் சொத்தெல்லாம் கடனில் போகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். யாரிடமும் சொல்லாமல் கப்பலேறி வெதர்ஸ்ஃபீல்டிலுள்ள பெரியம்மா வீட்டுக்கு வருகிறாள், ஏழு பெட்டி உடுப்போடு. அது பியூரிட்டன்களின் ஊர். வந்த நாளிலேயே சந்தேகம் தொடங்குகிறது. படகில் வரும்போது ப்ரூடன்ஸ் என்ற சிறுமியின் மரப்பொம்மை தண்ணீரில் விழ, கிட் குதித்து நீந்தி எடுத்துத் தருகிறாள். பெண் நீந்துவதா? சூனியக்காரியைத் தண்ணீர் ஏற்காது, அவள் மிதப்பாள் என்று நம்பிய காலம் அது. உதவி செய்ததே முதல் சாட்சியமாகிவிடுகிறது.

பிறகு அவள் ஊருக்கு வெளியே குளத்தோரம் தனியாக வாழும் ஹன்னா என்ற குவேக்கர் மூதாட்டியோடு பழகுகிறாள். மந்தபுத்தி என்று தாயாலேயே ஒதுக்கப்பட்ட ப்ரூடன்ஸுக்கு அந்தக் குடிசையில் ரகசியமாக எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள். ஊரில் காய்ச்சல் வந்து பிள்ளைகள் சாகிறார்கள். கூட்டம் கூடி ஹன்னாவின் குடிசைக்குத் தீ வைக்கிறது. ஹன்னாவைக் கப்பலேற்றித் தப்பவைத்த கிட் கைதாகிறாள். விசாரணையில் ஒரு ஏட்டுச்சுவடி முன்வைக்கப்படுகிறது: பக்கம் பக்கமாக ப்ரூடன்ஸின் பேர் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் பேரைத் திரும்பத் திரும்ப எழுதி ஏவல் செய்தாள் என்பது குற்றச்சாட்டு. உண்மையைச் சொன்னால் பிள்ளை அடிபடும் என்று கிட் உண்மையை மறைக்கிறாள். கடைசியில் நாட் என்ற மாலுமி, தான் ஊருக்குள் வந்தால் சவுக்கடி விழும் என்று தெரிந்தும், ப்ரூடன்ஸை அழைத்துவருகிறான். பிள்ளை விவிலியத்தைப் படித்துக் காட்டுகிறாள், தன் பேரை எழுதிக் காட்டுகிறாள். தாய் கத்துகிறாள், தகப்பன் மகளின் எழுத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறான். வழக்கு கலைகிறது.

குற்றத்துக்குச் சாட்சியாக வந்த அதே ஏடு குற்றமின்மைக்குச் சாட்சியாகத் திரும்பும் இந்த இடம் எனக்குப் பிடித்த இடம். சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டியவளைப் படித்து வளர்ந்த நமக்குப் பொருள்கள் சாட்சி சொல்லும் என்று தெரியும். மதுரையில் அது ஓர் உயிர் போன பின் பேசியது, வெதர்ஸ்ஃபீல்டில் நேரத்தோடு பேசிவிட்டது. ஒரு சிறுமி எழுதப் படிக்கக் கற்றதுதான் ஒரு பெண்ணைத் தூக்குமேடையிலிருந்து காத்தது என்பதில் எந்த ஆசிரியைக்கும் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது.

இந்த முடிவு வெறும் இனிப்பு என்று ஸ்பியரைக் குறைசொல்லவும் முடியாது. வரலாறு அவருக்குக் கொஞ்சம் இடம் தருகிறது. அமெரிக்கக் குடியேற்றங்களில் சூனியத்துக்காக முதலில் தூக்கிலிடப்பட்டவராக அறியப்படும் ஆல்ஸ் யங் இறந்தது இதே கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டில், 1647இல். ஆனால் 1660களுக்குப் பிறகு அங்கே தூக்குகள் நின்றுபோயின. வெதர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த கேதரின் ஹாரிசன் என்ற விதவையை 1669இல் ஜூரி குற்றவாளி என்றது, நீதிபதிகள் தயங்கினார்கள், 1670இல் ஊரைவிட்டுப் போகச் சொல்லி விடுவித்தார்கள். ஆக 1687இல் ஒரு கிட் தப்பியிருக்கலாம்.

ஆனால் அதே ஊரில் அவளுக்கு முன்னால் மேரி ஜான்சன் என்ற ஒரு வேலைக்காரப் பெண் இருந்தார். 1648இல் அவர் மீது குற்றம் முடிவானது, அவருடைய சொந்த வாக்குமூலத்தின் மேல். போதகர் ஒருவர் பேசிப் பேசி வாங்கிய வாக்குமூலம் அது. அவருக்காக ஏட்டோடு யாரும் வரவில்லை. பணிப்பெண்ணிடமிருந்து ஒப்புதல் வாங்குவது எப்படி என்று நியூ இங்கிலாந்துக்கு 1692க்கு வெகு முன்பே தெரிந்திருந்தது.

இப்போது டிடூபா.

பெட்ரியின் நாவல் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில், ஒரு வீட்டின் சமையலறையில் தொடங்குகிறது. டிடூபாவையும் கணவன் ஜானையும் எஜமானி தன் கடன் தொல்லைக்காகச் சாமுவேல் பாரிஸ் என்ற போதகருக்கு விற்றுவிடுகிறாள். பாஸ்டன், பிறகு சேலம் வில்லேஜ். நோயாளி எஜமானியையும் அவள் மகள் பெட்சியையும் பராமரிப்பது, சமையல், நூற்பு, விறகு, குளிர். பெட்ரி இந்த வேலைகளை அவசரமில்லாமல் எழுதுகிறார். சூனியம் பற்றிய நாவல்களில் யாருக்கும் பேய் பிடிப்பதற்கு முன்னால் யார் அடுப்பு மூட்டினார்கள் என்று கேட்ட நாவல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். டிடூபாவுக்கு நெசவு வரும். பாஸ்டனில் சாமுவேல் கான்க்லின் என்ற நெசவாளரிடம் கற்ற தொழில். நோயைப் பார்த்துக்கொள்ளத் தெரியும், மூலிகை தெரியும். தெரிந்த ஒவ்வொன்றும் பிற்பாடு அவளுக்கு எதிராகத் திரும்புகிறது.

கிட் நீந்தியதும் அப்படித்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் கிட்டை ஊர் சந்தேகிக்கும்போதே வாசகர் அவளை நம்புகிறார். பட்டுடுத்திய பிள்ளைக்கு உலகம் தெரியவில்லை, அவ்வளவுதான். வெகுளி என்று நாம் இன்று சொல்வோமே, அது. இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வாழ்வு உண்டு என்பதை என் தமிழ் மாணவிகள் மறக்கக்கூடாது: தொல்காப்பிய மெய்ப்பாட்டில் வெகுளி என்றால் கோபம், குறளில் வெகுளாமை என்றால் கோபம் கொள்ளாமை. கோபத்தைக் குறித்த சொல் எப்படியோ ஒன்றும் அறியாதவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. கிட்டுக்கு இரண்டு பொருளிலும் வெகுளியாக இருக்க முடிகிறது; கோபப்பட்டுப் பெரியப்பாவை எதிர்த்துப் பேசியும் அப்பாவியாகவே இருக்கிறாள். டிடூபாவுக்கு இரண்டுமே தடை. கோபப்பட்டால் சவுக்கு. ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் வேலை நடக்காது.

ஆவணங்களுக்குப் போவோம். 1692 சனவரியில் போதகர் பாரிஸ் வீட்டில் அவருடைய 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுப்பெண் அபிகேல் வில்லியம்ஸுக்கும் வலிப்பும் அலறலும் வந்தன. தீய சக்தியின் கை என்றார் மருத்துவர். பிப்ரவரியில் மேரி சிப்ளி என்ற பக்கத்து வீட்டுப் பெண், யார் செய்வினை என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்: பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் சிறுநீரைக் கம்பு வகை மாவில் பிசைந்து சுட்டு நாய்க்குப் போடுவது. பாரிஸின் அடிமைகள் அதைச் செய்தார்கள். மார்ச் மாதம் பாரிஸ் திருச்சபை முன்னால் சிப்ளியைக் கண்டித்தார். அவர் அழுதார், தவறை ஒப்புக்கொண்டார், சபை வாக்கெடுத்து மன்னித்தது. டிடூபா அதற்குள் சிறையில் இருந்தார்.

ஒரே ரொட்டி. யோசனை சொன்ன வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அது அறியாமை. சுட்டவர்களுக்கு அது சூனியம்.

முதலில் கைதானவர்கள் மூவர்: பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட், சொத்துத் தகராறில் மாட்டிக் கோயிலுக்கு வராமலிருந்த நோயாளி சாரா ஆஸ்போர்ன், டிடூபா. மார்ச் 1 அன்று விசாரணை. நடுவர் ஜான் ஹாத்தோர்ன் கேள்வி கேட்ட விதம் பதிவாகியிருக்கிறது. நீ குற்றவாளியா என்று அவர் கேட்கவில்லை, பிள்ளைகளை ஏன் துன்புறுத்துகிறாய் என்றுதான் கேட்கிறார். குட் மறுத்தார். ஆஸ்போர்ன் மறுத்தார். டிடூபாவும் முதலில் மறுத்தார். பிறகு பேசத் தொடங்கினார். பாஸ்டனிலிருந்து வந்த உயரமான மனிதன், கறுப்பு நாய், மஞ்சள் பறவை, கோலில் ஏறிப் பறந்தது, சாத்தானின் புத்தகத்தில் ஒன்பது குறிகள். அந்த ஒன்பதுதான் ஊரைப் பைத்தியமாக்கியது. மூவர் பிடிபட்டாயிற்று, மிச்சம் ஆறு பேர் யார்? ஆண்டு முடிவதற்குள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் 14 பேர் பெண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் பாறைகளை ஏற்றிக் கொல்லப்பட்டார்.

எஜமானர் அடித்ததால்தான் அப்படிச் சொன்னேன் என்று டிடூபா பிற்பாடு கூறியதாக, சேலம் விசாரணைகளைக் கடுமையாக விமர்சித்த ராபர்ட் கேலஃப் 1700இல் எழுதினார். பெட்ரியின் நாவலிலும் பாரிஸ் அடித்தே ஒப்புதல் வாங்குகிறான்.

சேலத்தின் சட்டத் தலைகீழ் இதுதான். ஒப்புக்கொண்டு, அதில் நிலைத்து நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உறுதியாகச் சொன்னவர்கள் தொங்கினார்கள். எழுபது வயதைத் தாண்டிய ரெபெக்கா நர்ஸை ஜூரி முதலில் குற்றமற்றவர் என்றது. நீதிபதிகள் ஜூரியைத் திரும்ப யோசிக்க அனுப்பினார்கள். குற்றவாளி என்று திரும்பி வந்தது. உண்மை பேசினால் சாவு, பொய் பேசினால் உயிர். இந்த நிலையில் குற்றம், குற்றமின்மை என்ற சொற்களுக்கு என்ன பொருள் மிஞ்சுகிறது?

கிட்டும் விசாரணையில் உண்மையை மறைத்தாள், ஒரு குழந்தையைக் காக்க. அதை வாசகர் உயர்குணம் என்கிறார். டிடூபா பொய் சொன்னாள், தன்னைக் காக்க. அதை வாசகர் என்ன சொல்கிறார் என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மாணவிகள் இரண்டு பட்டார்கள். ஒருத்தி, "அவ உயிர அவ காப்பாத்திக்கிட்டா, அதுல என்ன தப்பு?" என்றாள். இன்னொருத்தி விடவில்லை: "அவ சொன்ன பேருங்க?"

அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. பெண்ணிய எழுத்து டிடூபாவை மீட்டெடுத்தபோது அவரை எதிர்ப்பின் நாயகியாக, ஊரையே கதையால் ஆட்டிப்படைத்தவராக வாசிக்கும் ஆசை வந்தது. எனக்கும் அந்த வாசிப்பில் ஈர்ப்பு உண்டு. ஆனால் அவர் வாய்மொழியில் சாரா குட்டின் பேரும் ஆஸ்போர்னின் பேரும் இருக்கின்றன. ஆஸ்போர்ன் மே மாதம் சிறையிலேயே இறந்தார். குட் சூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார். சிறையில் அவருடைய கைக்குழந்தை செத்தது. நாலைந்து வயதேயான மகள் டாரதியும் சூனியக்காரி என்று விலங்கிடப்பட்டாள். டிடூபா சொல்வதற்கு முன்பே அந்தப் பேர்கள் குற்றப்பத்திரத்தில் இருந்தன, உண்மைதான். அவர் சொன்னது அவற்றுக்கு எடை கூட்டியது, அதுவும் உண்மைதான். எஜமானின் அடியைத் தாங்கியவர், தன்னைவிடக் கொஞ்சமே மேலே நின்ற இரண்டு பெண்கள் மேல் அதன் பாரத்தை இறக்கினார். இதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடினால், அவரை மீண்டும் ஒரு பொம்மையாக்குவோம் என்றே எனக்குப் படுகிறது. கிட்டுக்கு இந்தச் சோதனையே வரவில்லை. இன்னொரு பேரைச் சொன்னால் உன்னை விட்டுவிடுகிறோம் என்று யாரும் அவளை அடிக்கவில்லை. வராத சோதனையில் தேறியவள் அவள்.

(பாரிஸின் அடிமையான ஜான் வேறு வழி கண்டார். தானும் பாதிக்கப்பட்டவர் என்று விழுந்து புரண்டு, குற்றம் சாட்டுகிறவர் பக்கம் சேர்ந்துகொண்டார். அவரைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.)

இனி, நான் இந்த இரண்டு நூல்களையும் சேர்த்து எடுக்கக் காரணமான வரிக்கு வருகிறேன். கிட்டின் கையில் காசில்லை, கப்பல் கட்டணம் எப்படிக் கட்டினாள்? நாவலே சொல்கிறது: தனக்கென்று இருந்த கறுப்பினச் சிறுமியை விற்றுத்தான். சிறுவயது முதல் நிழல்போல் கூடவே இருந்த அடிமைச் சிறுமி. பேச்சோடு பேச்சாக வந்து போகிற செய்தி இது. கதை அங்கே நிற்பதில்லை. கிட்டின் பட்டுப் பாவாடைகள் ஊரில் எழுப்பும் அதிர்ச்சிக்குப் போய்விடுகிறது.

முதல் வாசிப்பில் பெரும்பாலோர் கடந்துவிடும் வரி. வகுப்பில் ஒரு மாணவி விரல் வைத்து நிறுத்தினாள். "அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்லையாம்மா?" என்றாள்.

இல்லை. மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட ப்ரூடன்ஸ் தன் பேரை எழுதக் கற்பதுதான் நாவலின் உச்சம். அந்த உச்சத்துக்குக் கிட்டைக் கொண்டுவந்து சேர்த்த கட்டணத்துக்குப் பேரே கிடையாது. ஸ்பியர் அடிமை முறையை அறியாதவர் இல்லை. கப்பலில் குதிரை நாற்றம் தாங்கவில்லை என்று கிட் மூக்கைச் சுளிக்கும்போது, குதிரைக்குப் பதில் மனித உடல்களை ஏற்றியிருந்தால் பரவாயில்லையா என்று நாட் அவளை மடக்குகிறான். அடிமைகள் பார்படோஸுக்கு எப்படி வந்தார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. நாவல் அந்தக் கதவைத் திறந்து, உடனே சாத்திவிடுகிறது. கதையின் முடிவில் கிட் பார்படோஸுக்குத் திரும்ப நினைக்கும்போது உடுப்புகளை விற்றுக் கட்டணம் கட்டலாம் என்று திட்டமிடுகிறாள். முதல் பயணத்தில் ஒரு சிறுமி, இரண்டாவது பயணத்துக்குச் சில பட்டு உடுப்புகள். நூலாசிரியர் இதைக் கிட்டின் வளர்ச்சியாக நினைத்தாரா, ஒப்பீடே அவர் மனதில் எழவில்லையா என்று நூல் காட்டவில்லை.

பார்படோஸ் 1661இலேயே அடிமைச் சட்டம் இயற்றிய தீவு. பிற ஆங்கிலக் குடியேற்றங்கள் அதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டன. தண்டிக்கும்போது அடிமை செத்தால் எஜமானுக்குக் குற்றமில்லை என்றது அது. விற்பதில் குற்றம் என்ற பேச்சே இல்லை. ஆகவே வெதர்ஸ்ஃபீல்ட் நடுவர் முன்னால் கிட் நின்றபோது, அவள் செய்யாத காரியத்துக்கு விசாரணை நடந்தது. அவள் செய்த காரியத்தை விசாரிக்க எந்த நடுவருக்கும் சட்டம் இல்லை, அந்த அறையிலிருந்த யாருக்கும் எண்ணமும் இல்லை. நிரபராதி என்ற தீர்ப்பு சரியானதே. அப்பாவி என்ற பேரைத்தான் எனக்கு ஏற்க முடியவில்லை.

பெட்ரி 1958இன் நாவலுக்குப் பதிலாகத் தன் நாவலை எழுதினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விற்கப்பட்ட பெண் ஏறிய கப்பலிலிருந்து அவர் கதையைத் தொடங்குகிறார். பார்படோஸில் ஒரு எஜமானி கடன் தீர்க்க அடிமைகளை விற்கிறாள்: ஸ்பியர் ஒரு வரியில் தாண்டியதே பெட்ரிக்கு முதல் அத்தியாயம். கிட் விற்ற சிறுமி வளர்ந்து டிடூபாவாகிறாள் என்று வாசிப்பது வாசகியின் உரிமை. நான் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்ற ஆவணங்கள் டிடூபாவை இந்தியர் என்றே, அதாவது அமெரிக்கப் பழங்குடியினர் என்றே குறிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகே இலக்கியம் அவரைக் கறுப்பினப் பெண்ணாக மாற்றியது. பாரிஸ் சில காலம் பார்படோஸில் வணிகம் செய்தவர் என்பதால், டிடூபா அங்கிருந்து கொண்டுவரப்பட்டவர் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எந்த நிறத்தில் வரைந்தாலும், ஒருவர் சொத்தாக இருந்த பெண் என்பது மாறவில்லை.

பிறகு மன்னிப்புகள் வந்தன. நீதிபதி சாமுவேல் சீவல் 1697இல் திருச்சபையில் எழுந்து நின்று பழியை ஏற்றார். குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706இல், தான் சாத்தானால் ஏமாற்றப்பட்டுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்; சபை ஏற்றது. 1711இல் மாசசூசெட்ஸ் அரசு பலருடைய தண்டனையை ரத்துசெய்து குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தது. சாரா குட்டின் கணவர் வில்லியமுக்கு 30 பவுண்டு கிடைத்தது. விசாரணையின்போது, தன் மனைவி சூனியக்காரியாக இருப்பாள் அல்லது விரைவில் ஆகிவிடுவாள் என்று பயப்படுவதாகச் சொன்ன அதே கணவர். சட்டத்தின் கண்ணுக்கு அவர் பாதிக்கப்பட்ட குடும்பத்தார். விடுபட்டவர்களின் பேர்கள் 1957இலும் 2001இலும் சேர்க்கப்பட்டன. கடைசியாக எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் தண்டனை 2022இல் ரத்தானது. மறு ஆண்டு கனெக்டிகட் சட்டமன்றமும் தன் பழைய தண்டனைகளை நிராகரித்துத் தீர்மானம் போட்டது.

இந்தப் பட்டியல்கள் எதிலும் டிடூபா இல்லை. மறதியால் இல்லை. அவர் மீது முறையான வழக்கே நடக்கவில்லை. 1693 மே மாதம் பெரிய ஜூரி அவரைக் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. தண்டனை இல்லாதபோது ரத்துசெய்ய என்ன இருக்கிறது? சட்டம் அவரைக் குற்றவாளி என்று எழுதவும் இல்லை, நிரபராதி என்று எழுதித் தரவும் இல்லை.

விடுதலையும் உடனே வரவில்லை. அன்றைய சிறையில் கைதியின் சாப்பாட்டுக்கும் விலங்குக்கும்கூடக் கைதிதான் பணம் கட்டவேண்டும். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் கணக்குத் தீராமல் வெளியே வர முடியாது. பாரிஸ் கட்ட மறுத்தார். சிறைக்காவலர் கேட்ட கணக்கில் டிடூபாவை ஓராண்டும் ஒரு மாதமும் வைத்திருந்ததற்கான தொகை இருக்கிறது. யாரோ ஒருவர் அந்தப் பாக்கியைக் கட்டி அவரை வாங்கிப் போனார். வாங்கியவரின் பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. அதன் பிறகு டிடூபாவைப் பற்றி ஆவணம் எதுவும் பேசுவதில்லை.

பெட்ரி அந்த இடத்தில் கான்க்லினை அழைத்துவருகிறார், பாஸ்டனில் டிடூபாவுக்குத் தறி கற்றுத் தந்த நெசவாளர். அவர் சிறைக்கு வருகிறார், பாக்கியைக் கட்டுகிறார், அவளைத் தன் பட்டறைக்கு அழைத்துப்போகிறார். அவளுக்கு நன்றாக நெய்யத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.